விசிறி இல்லாத பெட்டி

மூன்றாவது மெஷினும் செத்துப்போன அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. புரட்டாசி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். காலையில் பட்டனை அழுத்தினேன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன். அந்த ஒரு சுற்றும் இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது மதர்போர்டின் ஓரமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்பளத்து மோட்டார்களின் செம்புக் கம்பியில் பூக்குமே, அதே பச்சை.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கும் உப்புப் பாத்திகளுக்கும் நடுவில் ஒரு தெருவும் கால்வாயும்தான். கொடியில் காயப்போட்ட புடவையை இரண்டு நாள் விட்டால் விறைத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பியை வருடத்துக்கு இரண்டு முறை சுரண்டிப் பெயின்ட் அடிப்போம். அப்படிப்பட்ட வீட்டில் நான் கம்ப்யூட்டர் வைத்துப் பிழைக்கிறேன்.

என் வேலை பக்கம் கட்டுவது, அதாவது கையால் எழுதி வருவதை டைப் செய்து அச்சுக்குப் பக்கம் பக்கமாக அடுக்குவது. புதுச்சேரியில் பள்ளிக்கூட கைடு போடுகிற ஒரு பதிப்பகத்துக்குப் பதினாறு வருடமாகச் செய்கிறேன். நான் படித்தது பத்தாவது, டைப்ரைட்டிங்கில் லோயர். கையெழுத்துப் பிரதிக் கட்டு பஸ்ஸில் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் நிறுத்தத்தில் கண்டக்டர் கட்டைக் கொடுப்பார், நான் வாங்கிக்கொண்டு நடந்துவிடுவேன். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் என்னை அந்த ஆபீஸுக்கே வரச் சொன்னார்கள். ஒன்பது நாள் போனேன். பன்னிரண்டு பேர் உட்காரும் ஹால். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, நல்லவர்கள்தான். ஆனால் யாராவது என் பின்னால் வந்து நின்றால் என் விரல் நகராது. மதியம் அவர்கள் முன்னால் டப்பாவைத் திறக்க முடியாமல் ஒன்பது நாளும் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன். பத்தாம் நாள் பஸ் ஏறுவதற்குக் கால் வரவில்லை. அதற்கு முன்னால் உப்புப் பாக்கெட் போடும் ஷெட்டிலும் அப்படித்தான் ஆனது. வீட்டில் இருந்தபடி பக்கம் கட்டுவது மட்டும்தான் இந்த உலகத்தில் எனக்கு ஒழுங்காக வந்த வேலை.

அதனால் அன்று மதியம் பதிப்பக முதலாளியே போன் செய்தபோது இரண்டு முறை அடித்து ஓயவிட்டு, மூன்றாம் முறைதான் எடுத்தேன்.

"ஏம்மா, மறுபடியும் மெஷின் போச்சாமே? புரூஃப் பாக்குறவரு காலையிலேர்ந்து கனெக்ட் ஆவலன்னு உக்காந்துனு இருக்காரு."

"ஆமாங்க சார்."

"வருஷா வருஷம் இதே கதையா இருக்குது. இந்தத் தடவ கார்த்திகை தீபத்துக்குள்ள பத்தாவது, பன்னெண்டாவது ரெண்டு கைடும் எனக்கு பிரஸ்ஸுக்குப் போயாவணும். போவலன்னா வேலைய ஆபீசுக்குள்ளயே வச்சிக்கறேன். நீங்க இங்க வந்து உக்காந்து செய்யுங்க. உங்க சீட்டு எப்பவும் இருக்குது."

அன்பாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

இதில் சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட முடியாது. இருபது வருடத்துக் கைடுகள் ஒரு பழைய எழுத்துருவில், ஒரு பழைய சாப்ட்வேரில் இருக்கின்றன. அது இப்போதைய சிஸ்டத்தில் ஏறாது. எப்படியோ திறந்தாலும் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். பழைய சிஸ்டம் போட்ட பழைய மெஷின்கள் உப்புக்காற்றில் ஒவ்வொன்றாகப் போயின. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் தமிழில் பேசிப் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்து விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்., என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொள்ளும். ஒரே கால்வாய்த் தண்ணீரை வரப்புப் போட்டுத் தனித்தனிப் பாத்தியாகப் பிரிப்பது போல என்று எனக்குப் புரிந்தது. ஒன்றில் பழைய சிஸ்டமும் பழைய எழுத்தும். இன்னொன்றில் புது சிஸ்டம். மூன்றாவதில் எல்லாவற்றுக்கும் நகல். புரூஃப் பார்ப்பவர் புதுச்சேரியில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக என் வீட்டு மெஷினுக்குள் வந்து பக்கங்களைப் பார்ப்பார்.

வெளியே இருக்கும் பெட்டி எத்தனை முறை செத்தாலும் உள்ளே இருக்கும் மெஷின் ஒரு ஃபைல்தான். வேறு பெட்டியில் போட்டால் எழுந்துவிடும். அந்த தைரியத்தில்தான் அழாமல் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஹார்ட் டிஸ்க் தப்பித்திருந்தது.

ஆனால் எந்தப் பெட்டியை வாங்குவது? மூன்று நாள் நோட்டில் எழுதினேன், அடித்தேன். மூன்று மெஷின் ஒன்றாக ஓட மெமரி நிறைய வேண்டும். ப்ராசசர் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், மெமரி போதாமல் போனால் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். டிஸ்க் இரண்டு வேண்டும், ஒன்று போனால் ஒன்று. இதெல்லாம் வீடியோவில் சொல்வார்கள். உப்புக்காற்றுக்கு எது தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

புதுச்சேரிக் கடைக்கு என் கணவரைக் கூட்டிப்போனேன். அவர் உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவர். பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் ஏழு மோட்டார் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும், அவருக்கும் வேலை குறைவு. கடையில் நான் அவர் காதில் சொல்ல, அவர் கடைக்காரரிடம் சொல்ல என்று ஏற்பாடு.

"மெமரி எவ்ளோ ஏத்தலாம்னு கேளுங்க" என்றேன்.

"தம்பி, இதுல எவ்ளோ ஏத்தலாம்?"

"இன்னாண்ணே ஏத்தணும்? லோடா?" கடைக்காரர் சிரித்தார். "அக்கா, நீங்களே சொல்லுங்களேன், நான் இன்னா கடிச்சித் துப்பிடவா போறேன்?"

நான் தரையைப் பார்த்தேன். என் கணவர், "அவ பேசமாட்டா தம்பி. எங்கிட்டயே மெசேஜுதான்" என்றார்.

கடைக்காரர் எங்களை உள்ளே கூட்டிப்போய் ஒரு பழைய கம்பெனி சர்வரைக் காட்டினார். சென்னையில் ஏதோ ஆபீஸில் ஓடி, மாற்றியபோது வந்ததாம். ஒரு ஆள் தூக்க முடியாத கனம். தடித்த இரும்புத் தகடு. ஆறு விசிறி. மெமரி மட்டும் அறுபத்து நாலு ஜி.பி. "மூணு என்னக்கா, முப்பது வி.எம். ஓட்டுங்க. யானை மாதிரி. நல்லா காத்தோட்டமா வச்சீங்கன்னா பத்து வருஷம் அசையாது."

சின்னதாக, புத்தகம் அளவில், விசிறியே இல்லாத ஒரு பெட்டியும் பக்கத்தில் இருந்தது. அதை நான் கையில்கூட எடுக்கவில்லை. மூன்று மெஷினைப் பறிகொடுத்தவளுக்கு அந்தக் கனமான இரும்பைப் பார்த்ததும் ஏற்பட்ட ஆறுதலை எப்படிச் சொல்வது? நாலு நாள் தூங்காத கண்ணுக்கு அது கோயில் தூண் போல் இருந்தது. தலையாட்டினேன்.

வீட்டில் அதைப் போட்டதும் சத்தம் தெருவுக்கே கேட்டது. "இன்னாடி இது, நம்ம ஊட்டுக்குள்ள லாரி ஃபர்ஸ்ட் கியர்ல நிக்குது" என்றார் என் கணவர். காற்றோட்டம் வேண்டும் என்று கிழக்கு ஜன்னலுக்கு நேராக வைத்தேன். பழைய சிஸ்டம் முதல் தடவையே எழுந்தது. 'கொ' என்று அடித்துப் பார்த்தேன். கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம், எல்லாம் அதனதன் இடத்தில். அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அதைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு, புரூஃப் பார்ப்பவர் போனதும், முறையாக அணைப்பேன். ஆறு விசிறியும் நிற்கும்வரை காத்திருப்பேன். பிறகு உப்புக் குவியலை மூடுகிற நீலத் தார்ப்பாயில் ஒரு புதுத் துண்டு வாங்கி வைத்திருந்தேன், அதைப் போர்த்தி நாலு பக்கமும் செங்கல் வைப்பேன். காற்று துளிகூட உள்ளே போகக் கூடாது. காலையில் எடுத்து மடித்து வைப்பேன். ஒரு நாள் தவறவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் அது பாதியில் நின்றது. திரும்பப் போட்டால் மெமரி இல்லை என்றது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். பாதி மெமரி தெரிந்தது. மறுநாள் அதுவும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் விசிறிகள் மட்டும் முழு வேகத்தில் கத்தின, திரையில் ஒன்றும் வரவில்லை.

மேல் தகட்டைத் திறந்தேன். உள்ளே ஈரம். தண்ணீர் ஊற்றிய ஈரம் இல்லை, வியர்வை மாதிரி. சின்னச் சின்ன முத்துகள். அவற்றைச் சுற்றி வெள்ளை வட்டம். நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

தீபத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டாவது கைடில் பாதிக்கு மேல் கட்ட வேண்டும். அதுவரை சேர்த்து வைத்திருந்த பணமெல்லாம் அந்த இரும்பில் போயிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அதன் பக்கத்தில் சாய்ந்துகொண்டேன். அந்த ஹால், பன்னிரண்டு நாற்காலி, பின்னால் வந்து நிற்கிறவர்கள். இனி எனக்கு வேறு வழி இல்லை என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். ஆபீஸுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று உண்டு. அங்கே நின்று சாப்பிடலாம்.

என் கணவர் உப்பளத்திலிருந்து வந்தவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இது எப்டி வேர்த்துது?"

"தெரியலைங்க. தெனம் தார்ப்பாய் போட்டு மூடிதான் வச்சேன்."

"எப்ப மூடுவ?"

"சாயங்காலம் நிறுத்தின உடனே."

அவர் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அடிப்பாவி" என்றார். திட்டும் குரல் இல்லை. "பகல் பூரா ஆறு விசிறி வச்சி உப்புக்காத்த உள்ள இழுக்குது. சாயங்காலம் சூட்ட நிறுத்திட்டு மேல தார்ப்பாயப் போட்டு இறுக்கற. உப்பு அப்டியே ஈரத்தக் குடிக்கும்ல? குமிச்ச உப்பு தார்ப்பாய்க்கு அடில எப்டி கசியும்னு நீ பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறேன். பாக்கெட் ஷெட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க வேலை செய்தவள் நான்.

"நான் இப்ப எங்கேர்ந்து வர்றேன் தெரியுமா?" என்றார். "ஸ்டார்ட்டர் பொட்டிக்கெல்லாம் பல்பு மாத்திட்டு வர்றேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மழைக்காலத்தில் மோட்டார்கள் மூன்று மாதம் சும்மா நிற்கும். அந்தக் காலத்தில்தான் மோட்டாரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர்கள் பச்சை பூத்துப் போகும். அதனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு குண்டு பல்பு தொங்கும். இரவும் பகலும் எரியும். வெளிச்சத்துக்காக அல்ல, பெட்டி கதகதப்பாக இருந்தால் உப்பு ஈரம் இழுக்காது. வருடா வருடம் ஐப்பசியில் கடைத்தெருவில் அந்தக் குண்டு பல்புகளைத் தேடி வாங்கிவந்து கொடுப்பதே நான்தான். இப்போது அவை கிடைப்பதுகூட இல்லை, இந்த வருடம் மூன்று கடை ஏறி இறங்கினேன். வாங்கி வந்து, அதே கையால் என் மெஷினை அணைத்துக் குளிரவைத்துத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறேன்.

அன்று நோட்டில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நிறுத்தவே கூடாது. நிறுத்தாமல் ஓட வேண்டுமென்றால் கரண்ட் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். காற்றை இழுக்கக் கூடாது. அதனால் விசிறி இருக்கக் கூடாது. விசிறி இல்லாமல் போனால் வேகம் குறையும், பரவாயில்லை. மெமரி பதினாறு போதும். டிஸ்க் இரண்டு. கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம், உள்சுவர்.

மறுநாள் அவருக்கு உப்பளத்தில் உடைந்த கரையை அடைக்கும் வேலை. நான் தனியாகப் புதுச்சேரிக்குப் போனேன். கடையில் பேச்சு வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நோட்டுத் தாளைக் கிழித்து மேசையில் வைத்தேன்.

கடைக்காரர் படித்தார். "விசிறி வேண்டாமா? அக்கா, அந்தச் சின்னப் பொட்டில மூணு வி.எம்.மா? சாமான் மூச்சு வாங்கும். அந்த யானைய இன்னா பண்ணீங்க?"

பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தேன். அதற்குள் சர்வரின் மெமரித் துண்டு. தங்க நிறப் பற்களெல்லாம் பச்சை. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடல்ல முக்கி எடுத்தீங்களா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"எந்த ஊரு நீங்க?"

"மரக்காணம்" என்றேன். அந்தக் கடையில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அந்த மெமரி சின்னப் பெட்டியில் சேராது, டிஸ்க் இரண்டும் சேரும் என்றார். சர்வரின் பவர் சப்ளையும் ப்ராசசரும் நன்றாக இருந்தால் எடுத்துக்கொண்டு சின்னப் பெட்டியைத் தருவதாகச் சொன்னார். "கொண்டாந்து குடுங்க, அவசரம் இல்ல, இத இப்பவே எடுத்துனு போங்க." மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒரு பெரிய டிபன் டப்பா கனம்கூட இல்லை.

பெட்டியின் உடம்பே சூட்டை வெளியே விடும்படி மேலே வரிவரியாக இருந்தது. பழைய சிஸ்டம் எழ ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் நின்றுகொண்டே இருந்தேன். எழுந்தது. மெதுவாகத்தான் ஓடியது. இரண்டு பக்கம் மாற்றுவதற்குள் அரிசி களைந்து வந்துவிடலாம். ஆனால் நிறுத்தவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் குழந்தையின் நெற்றி போல இருக்கும். குளிர்ந்திருந்தால்தான் பயம்.

தீபத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது புயல் வந்தது. முப்பத்தொரு பக்கம் பாக்கி.

கரண்ட் போனது. யு.பி.எஸ். முக்கால் மணி நேரம் தாங்கியது. பெட்டி என் கைக்கு அடியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆறுவது தெரிந்தது. வெளியே மழையா கடலா என்று சொல்ல முடியாத தண்ணீர் காற்றில் வந்துகொண்டிருந்தது. சுவரே வியர்த்தது. பல்பு எரியவைக்கவும் கரண்ட் வேண்டும். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 

சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்தபோதுதான் தோன்றியது. உப்பு நசநசத்துப் போகாமல் இருக்க ஜாடிக்குள் வறுத்த அரிசி நாலு போடுவோம். புழுங்கலரிசியை வாணலியில் போட்டுச் சிவக்க வறுத்தேன். அரிசி டிரம்மைக் காலி செய்து துடைத்து, வறுத்ததை அடியில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டில் பெட்டியைப் பருத்தித் துணியில் சுற்றி அதன் மேல் வைத்து, மூடியைச் சுற்றித் துணி அடைத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அரிசியை எடுத்து மறுபடி வறுப்பேன்.

"ஊர்ல எல்லாரும் பால் இல்ல, தண்ணி இல்லன்றான்" என்றார் என் கணவர். "எம் பொண்டாட்டி கம்ப்யூட்டருக்கு வேளாவேளைக்கு அரிசி வறுத்துப் போடறா."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலடி. தள்ளு, நீ குந்து. நான் வறுக்கறேன்."

மூன்று நாள். போனில் சார்ஜ் இல்லை. வீடு முழுக்கப் பொரி வாசனை. என்ன ஆகும் என்று நான் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன். கரண்டியைத் திருப்பத் திருப்ப அந்த ஒன்பது நாள்தான் மனதில் ஓடியது, ஒவ்வொரு நாளும் தனித்தனியாக.

நாலாம் நாள் மதியம் கரண்ட் வந்தது. பெட்டியை எடுத்தேன். துணி உலர்ந்திருந்தது. பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அவர்தான் பார்த்துச் சொன்னார். "வருது. என்னமோ கலர்கலரா வருது. வந்துட்டுது."

தீபம் தாண்டி இரண்டாம் நாள்தான் கடைசிப் பக்கம் போனது. புயலால் தாமதம் என்று முதலாளிக்கு ஒரு வரி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. போன் செய்து கேட்க என்னால் முடியாது. புரூஃப் பார்ப்பவரும் என் மெஷினுக்குள் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். சீட்டு எப்பவும் இருக்குது என்ற குரல் மட்டும் காதில். ஒரு புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பெட்டி மட்டும் உள்சுவர் ஓரமாக, வேலை ஒன்றும் இல்லாமல், கதகதப்பாக இருந்தது.

எட்டாம் நாள், கட்டு வருகிற வழக்கமான கிழமை. வராது என்று தெரிந்தும் சாலைக்குப் போனேன். ரோட்டோரத்துப் பாத்திகளெல்லாம் மழைத் தண்ணீரில் ஒன்றாகிக் கிடந்தன, வரப்பே தெரியவில்லை. பஸ் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்தார், விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நான் திரும்பிவிட்டேன்.

"ஏம்மா! இந்தா, நில்லு!"

பஸ் பத்தடி தள்ளி நின்றிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்து நீட்டியதை வாங்கினார். "உனுக்கு ஒன்னு இருக்குது, மறந்தே பூட்டேன். வாயத் தொறந்து கேட்டா இன்னா? புடி."

கட்டு முன்னைவிட மெலிசாக இருந்தது. பாதிகூட இல்லை. மீதிப் பாதி அந்த ஹாலில் யாரோ ஒருவர் மேசையில் இருக்கும். பிரித்துப் பார்க்காமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தூறல் விழ ஆரம்பித்தது. முந்தானையை எடுத்துக் கட்டின் மேல் போட்டேன்.